எட்டாம் அடுக்கு

தையல் மெஷினின் தலையைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த மேசையின் மேல்தான் தம்பி நுண்ணோக்கியை வைத்திருந்தான். மெஷின் இருந்த இடத்தில் பள்ளம் இருந்ததால் அதன் மேல் ஒரு பலகை. கீழே மிதிகட்டை அப்படியே இருந்தது. குழாயில் கண்ணை வைத்துக் குனிந்தால் கால் தன்னையறியாமல் அதை மிதிக்கும். வாரில்லாத சக்கரம் வெறுமனே சுற்றும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சல் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஜன்னல் வெளிச்சம் நேராக விழும் இடம் அது ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை அதன் முன்னால் உட்காரவைத்து, என்ன தெரிகிறது என்று கேட்டான். கறுப்பு அட்டை மேல் கேழ்வரகு மணிகளைப் போல நாலைந்து கிடந்தன. கண்ணை வைத்ததும் அதில் ஒரு மணி தட்டளவு பெரிதானது. பாதியாகப் பிளந்திருந்த அதன் உள்ளே ஒரு சுருள், சுருளுக்குள் வரிசையாக அறைகள், அறைக்கு அறை மெல்லிய சுவர். நான் அதுவரை பார்த்த எந்தப் பின்னலிலும் அவ்வளவு ஒழுங்கு இருந்ததில்லை. "யாரு தம்பி இதைச் செஞ்சது?" என்று கேட்டுவிட்டேன். அவன் சிரித்தான். ஒரே ஒரு செல்லால் ஆன கடல் உயிர், தன் உடம்பைச் சுற்றிச் சுண்ணாம்பில் கட்டிக்கொண்ட ஓடு அது என்றான். கட்டியது செத்து மூன்று கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது என்றான்.

தம்பி எனக்கு ஆறு வயது இளையவன். குண்டடம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரிக் காடு இருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டார். நான் பத்தாவதோடு பனியன் கம்பெனிக்குப் போனேன். முதலில் பிசிறு வெட்டினேன். பிறகு துணி செக்கிங். வெளிச்சம் போட்ட கண்ணாடிக்கு முன்னால் துணி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும். ஊசி போட்ட கோடு, விட்டுப்போன கண்ணி, எண்ணெய்க் கறை, ஓட்டை என்று எது இருந்தாலும் கண் பிடிக்க வேண்டும். எனக்கு அது சீக்கிரமே கைவந்தது. வரன்கள் வந்தன, தட்டிப்போயின. பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தம்பிக்குப் பதினொரு வயதில் சர்க்கரை நோய் வந்தது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை அல்ல, பிள்ளைகளுக்கு வருவது. ஒரு நாள்கூட இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்க முடியாது. ஒரே மாதத்தில் தானே போட்டுக்கொள்ளப் பழகினான். ஊசி போடும்போது வேறு பக்கம் பார்க்க மாட்டான். நேராக அதையே பார்ப்பான். பள்ளியில், கல்லூரியில் எல்லாம் அப்படித்தான். மண்ணியல் படித்து, சென்னையில் ஒரு பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவனாகச் சேர்ந்தான். அந்த அம்மாவை நாங்கள் எல்லோரும் மேடம் என்றே சொல்வோம். அவனுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போனதால், கல் மாதிரிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்க மேடம் அனுமதி வாங்கிக் கொடுத்தார். பழைய நுண்ணோக்கி ஒன்றும் அவர் கொடுத்ததுதான்.

அவன் எதைத் தேடுகிறான் என்பதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாளானது. இன்றைக்குக் கடல் உயிர்கள் மிக அதிக வகைகளாக வாழ்வது இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் தீவுகளைச் சுற்றிய வெதுவெதுப்பான கடலில். பவளம், மீன், நத்தை, சிப்பி எதை எடுத்தாலும் உலகத்தில் வேறெங்கும் அத்தனை வகை இல்லை. ஆனால் எப்போதுமே அங்கே அப்படி இருந்ததில்லை. ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அந்தச் செழிப்பு இன்றைய ஐரோப்பாவின் தெற்கில் இருந்தது. அங்கே அப்போது டெத்திஸ் என்ற பழங்கடல் ஆழமில்லாமல் பரந்து கிடந்தது. பிறகு செழிப்பு அரேபியாவைச் சுற்றிய கடல்களுக்கு வந்தது. ஆப்பிரிக்காவும் அரேபியாவும் ஆசியாவோடு வந்து முட்ட, நடுவில் இருந்த கடல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகே கிழக்கே அந்தத் தீவுக் கடல் நிறைந்தது. இந்தப் பயணத்துக்கு நடுவழியில் இருந்தது குஜராத்தின் கச்சுப் பகுதி. இன்றைக்கு வறண்டு கிடக்கும் அந்தப் பூமி அன்றைக்குக் கடலடி. அங்கே ஓர் ஓடைக் கரையில் எட்டு அடுக்குகளாக நிற்கும் சுண்ணாம்புப் பாறையிலிருந்து தம்பி மூட்டை மூட்டையாக மண்ணும் கல்லும் கொண்டுவந்திருந்தான். கீழிருந்து மேலாக எண் போட்டிருந்தான். ஒன்று மிகப் பழையது, எட்டு மிகப் புதியது. அந்தச் சின்ன ஓடுகளைச் செய்த உயிர்கள் வெதுவெதுப்பான, வெயில் புகும் கடலில்தான் செழிக்கும். அவை பல வகைகளாக இருந்தால் அந்தக் கடலே செழிப்பாக இருந்ததென்று பொருள். ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை வகை என்று எண்ணினால், செழிப்பு அந்த இடத்தை விட்டு எப்போது போனதென்று சொல்லிவிடலாம். அவன் எழுத வந்த ஆய்வேடு அதுதான்.

ஐந்தாம் அடுக்கை எண்ணிக்கொண்டிருந்தபோது அவனுக்குக் கண்ணில் ரத்தம் கசிந்தது. முதலில் கறுப்பாக ஒரு நூல் மிதக்கிறது என்றான். மறுநாள் புகை சூழ்ந்தது போல இருக்கிறது என்றான். சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஒரு கண் முழுதாகப் போயிற்று. மற்றதில் நடுப்பகுதி கலங்கி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். அம்மா அந்த நுண்ணோக்கியைத் துணி போட்டு மூடிவைத்தார். "கல்லைப் பாத்துப் பாத்தே எம்பையனுக்குக் கண்ணு போச்சு" என்று பக்கத்து வீட்டில் சொல்லி அழுதார். அது உண்மையில்லை என்று தம்பி எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. இரண்டு மாதம் அவன் அந்த மேசைப் பக்கம் போகவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஒரு நாள் கம்பெனியிலிருந்து வந்து, கைகால் கழுவிவிட்டு, அந்தத் துணியை எடுத்துவிட்டு மேசை முன்னால் உட்கார்ந்தேன். எதை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று சொல், நான் பிரிக்கிறேன் என்றேன். பிறகு அவன் எழுந்து வந்து என் பின்னால் நின்றுகொண்டான்.

மண்ணை வாளியில் ஊறவைத்து, சன்னமான சல்லடையில் அலசி, காகிதத்தில் உலர்த்த வேண்டும். மெல்லிய தூரிகையின் நுனியைத் தண்ணீரில் தொட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் வகைவகையாக வைக்க வேண்டும். நான் பார்த்ததைச் சொல்வேன். அவன் பெயர் சொல்வான். காசு போல இருப்பது, கோதுமை மணி போல இருப்பது, நட்சத்திரம் போல முனை நீட்டியிருப்பது என்று நான் எனக்கென்று பெயர் வைத்துக்கொண்டேன். விடுமுறை நாள்களில் முழுப் பகலும் அதிலேயே போகும். ஐந்தாம் அடுக்கின் மிச்சமும் ஆறாம் அடுக்கும் ஏழாம் அடுக்கும் ஒன்றரை வருஷத்தில் முடிந்தன. ஒருமுறை மேடம் வந்து என் அட்டைகளைப் பார்த்துவிட்டு, தன் மாணவர்களில் யாரும் இவ்வளவு சுத்தமாகப் பிரித்ததில்லை என்றார். தம்பி, "என்ற அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க மேடம்" என்றான். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை மறைக்க உள்ளே போய்க் காபி போட்டேன்.

எட்டாம் அடுக்கில்தான் அது நடந்தது. அதில் இருக்கவே கூடாத பழைய வகைகள் கிடைத்தன. நாலாம் அடுக்கின் காலத்தோடு அழிந்துவிட்டதாக எல்லோரும் எழுதியிருந்த வகைகள். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் குரல் மாறிக்கொண்டே வந்தது. மறுபடியும் பாருங்க, மறுபடியும் பாருங்க என்றான். மேற்கே கடல் வற்றி எல்லாம் அழிந்த பிறகும் கச்சின் ஒரு மூலையில் இவை மட்டும் தப்பிப் பிழைத்திருக்கின்றன என்று அவன் முடிவுக்கு வந்தான். அழிவுக்கு நடுவே ஒரு புகலிடம். அந்த வாரம் முழுக்க அவன் நேரத்துக்குச் சாப்பிட்டான், அம்மாவிடம் வம்பு பேசினான். மேடத்துக்கு அனுப்ப வகைக்குப் பத்து ஓடு எடுத்துத் தரச் சொன்னான். நல்லதாகப் பார்த்து எடுக்கச் சொன்னான். அப்போது ஒன்று கேட்டான்: "ஓரம் தேஞ்சது ஏதாச்சும் இருக்குதுங்களாக்கா?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும். அது எதுலதான் இல்ல" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன். எனக்குப் பொய் சொல்வதாகவே தோன்றவில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கு சாம்பிள் அனுப்பும்போது லாட்டில் இருப்பதிலேயே நல்ல பீஸாகப் பார்த்துத்தான் எடுப்போம். பழுது ஒன்றிரண்டு இருந்தால் அது கணக்கில் வராது. பன்னிரண்டு வருஷம் அதே வேலை செய்த கை அது. கண்ணில் பட்ட தேய்ந்த ஓடுகளைத் தூரிகையால் ஒதுக்கி, மிச்ச ஓடுகளைப் போட்டுவைக்கும் குப்பியிலேயே போட்டுவிட்டேன். எண்ணிக்கையில் மட்டும் அவற்றையும் சேர்த்துக்கொண்டேன். மேடம் பார்த்தது நான் பொறுக்கிக் கொடுத்த முழு ஓடுகளை மட்டுமே. அவரும் வியந்துபோனார். சென்னையில் நடக்கவிருந்த ஒரு கருத்தரங்கில் தம்பி பேச ஏற்பாடு செய்தார். கண் தெரியாவிட்டாலும் ஆராய்ச்சியில் தொடர்ந்து இருக்கும்படி அவனுக்கு ஒரு வேலை கிடைக்க வாய்ப்பிருக்கிறது, அதைத் தீர்மானிக்கிறவர்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவார்கள் என்று தொலைபேசியில் சொன்னார். தம்பி பேச்சைக் கீபோர்டில் தட்டித் தட்டி, கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு மனப்பாடம் செய்தான்.

கருத்தரங்குக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது கம்பெனிக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு லாட் துணி வந்தது. புது நூல் என்று சீட்டில் எழுதியிருந்தது. ஓடவிட்டுப் பார்த்தால் அங்கங்கே சிவப்பும் நீலமுமாகப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நிறுத்தி நகத்தால் ஒன்றைக் கிள்ளி எடுத்தேன். குட்டையான, நைந்த இழை. ஏற்கெனவே ஒரு தடவை துணியாக இருந்து, வெட்டிக் கழித்து, அரைத்துப் பிய்த்து மறுபடி நூலோடு சேர்த்துச் சுற்றியது. புதிதாக நூற்றதோடு சேர்ந்திருந்ததால் அதுவும் புதிது போலத் தெரிந்தது. சூப்பர்வைசரைக் கூப்பிடத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். குப்பிக்குள் நான் ஒதுக்கிப் போட்ட ஓடுகள் ஞாபகம் வந்தன. அவற்றின் ஓரம் தேய்ந்திருந்தது மட்டுமல்ல, உள்ளே அடைந்திருந்த மண்ணும் வேறு நிறம்.

அன்றைக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தம்பியை அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். எட்டாம் அடுக்கின் குப்பிகள் எல்லாவற்றையும் கொட்டி மறுபடி பார்த்தேன். பழைய வகைகளில் பாதிக்கு மேல் ஓரம் மழுங்கியிருந்தது. ஓரம் சிதையாதவற்றிலும் உடைந்த அறைகளுக்குள் மஞ்சள் மண். அதே அடுக்கைச் சேர்ந்த மற்ற வகைகளுக்குள் சாம்பல் மண். இதற்கு என்ன பொருள் என்று எனக்குப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருக்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் திரும்பி வரும் சத்தம் கேட்டதும் எல்லாவற்றையும் குப்பியில் அள்ளிப்போட்டு மூடினேன். சிறுநீரகமும் கெட ஆரம்பித்துவிட்டது என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அழுதுகொண்டே வந்தார். தம்பி அழவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கருத்தரங்கு முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்றான். நான் எப்படிச் சொல்வேன்? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று பத்தொன்பது நாளும் போயின.

சென்னைக்கு அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான்தான். பெரிய குளிரூட்டிய அரங்கு. மேடை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். அவன் ஆங்கிலத்தில் பேசினான். கம்பெனி ஆங்கிலம் மட்டுமே தெரிந்த எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அவன் கூடத்தை எப்படிப் பிடித்துவைத்திருந்தான் என்பது தெரிந்தது. யாரும் இருமக்கூட இல்லை. பேசி முடித்ததும் நெடுநேரம் கைதட்டினார்கள். பிறகு வயதான ஒருவர் எழுந்து மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். பழைய பாறையிலிருந்து அரித்து வந்து சேர்ந்தவையாக அவை இருக்கலாம் இல்லையா, தேய்மானம் பார்த்தீர்களா என்று கேட்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கேள்வி வந்த திசைக்குத் தம்பி முகத்தைத் திருப்பினான். பார்த்தது என் அக்கா, இருபது வருஷமாகத் துணியில் குறை பார்க்கிறவர், அவர் இல்லை என்றால் இல்லை என்றான். வருஷத்தைக் கூட்டிச் சொன்னான். கூட்டம் அன்பாகச் சிரித்தது. சிலர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து சொல்லியிருக்கலாம். எழவில்லை.

மறுநாள் காலை ரயிலில் ஊர் திரும்பினோம். சேலம் தாண்டும்வரை அவன் மேடம் சொன்னதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். வேலை கிடைத்துவிடும் போலத்தான் இருந்தது. சங்ககிரியில் சுண்ணாம்புக் கல் வெட்டும் குழிகள் ஜன்னல் வழியே தெரிந்தபோது நான் அதற்கு மேல் தாங்கவில்லை.

"தம்பி, எட்டாம் அடுக்குல தேஞ்சது ஒண்ணு ரெண்டு இல்ல. பாதிக்கு மேல இருக்குது. நாந்தான் ஒதுக்கிப் போட்டேன்."

அவன் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிறகு, "உள்ளுக்கு மண்ணு என்ன நெறமுங்க்கா?" என்றான்.

"மஞ்சள். கூட இருக்கறதெல்லாம் சாம்பல்."

"நாலாம் அடுக்குதான் மஞ்சள்." அவன் அதை எனக்குச் சொல்லவில்லை; தனக்குத்தான் சொல்லிக்கொண்டான். "எப்ப இருந்து தெரியுமுங்க?"

இருபது நாளாகத் தெரியும் என்றேன். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அதில் ஒன்றும் தெரியாது என்றாலும். ஈரோட்டில் வண்டி நின்றபோது ஊசி போடும் நேரம் ஆகிவிட்டது என்றான். நான் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டுக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஓடுகளைக் கேட்டான். காசு போன்ற பெரிய வகையில் மழுங்கிய ஒன்றையும் மழுங்காத ஒன்றையும் அவன் உள்ளங்கையில் வைத்தேன். விரல் நகத்தால் ஓரத்தை ரொம்ப நேரம் வருடினான். நாலாம் அடுக்கின் கடலில் வாழ்ந்து செத்தவை அவை. பிறகு அந்த அடுக்கு மேடாகி, அலையோ ஆறோ அதை அரித்து, செத்த ஓடுகளை இழுத்துவந்து புதிய சேற்றில் புதிய உயிர்களோடு கலந்து படியவைத்திருக்கிறது. "அதுங்க அங்க பொழச்சிருக்கலீங்க்கா. பொணமாத்தான் வந்திருக்குதுங்க" என்றான். அன்று சாயங்காலமே மேடத்துக்கு எழுதிவிட்டான். பேசியதைத் திரும்பப் பெறுகிறேன், அந்த அத்தியாயம் தவறு என்று தட்டினான். நான் சொல்லித்தான் தவறு நடந்தது என்று எழுது என்றேன். அதை எழுதாமலே அனுப்பிவிட்டான். வேலை வேறொருவருக்குப் போனது. யாரையும் குறை சொல்ல முடியாது. அவனிடம் இப்போது காட்டுவதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை.

அவன் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். முதல் அடுக்கிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னான். பார்த்தோம். இம்முறை ஒவ்வோர் ஓட்டுக்கும் அவன் இரண்டு கேள்வி கேட்டான்: என்ன வகை, ஓரம் எப்படி. நான் சொன்ன பிறகும் சில நேரம், "நல்லாப் பாத்தீங்களா?" என்பான். முன்பு ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. என் கண்ணைப் பற்றி வருகிறவர்களிடம் பெருமை பேசுவதும் நின்றுபோயிற்று. அவன் நிறுத்தினானா, தானாக நின்றதா, எனக்குத் தெரியாது. தினமும் அதற்காகக் காத்திருந்தேன் என்பது மட்டும் தெரியும்.

அந்த இரண்டாவது சுற்றில் ஒருநாள் அவனைத் தேற்றுவதாக நினைத்து ஒன்று சொன்னேன். எங்கள் லைனில் அப்போது ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் நாலு இருந்தன. அவர்கள் ஊரில் பிழைப்பு போனதும் இங்கே வந்துவிடவில்லையா, அதுபோலக் கச்சுக் கடலில் இருந்ததெல்லாம் கிழக்கே போய்ப் பிழைத்துக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்றேன். அவன் மறுத்துத் தலையாட்டினான். "இல்லீங்க்கா. யாரும் கெளம்பிப் போகல" என்றான். இங்கே இருந்தவற்றில் பெரும்பாலானவை இங்கேயே அழிந்துவிட்டன. கிழக்கே செழித்தவற்றில் பலவும் அங்கேயே வெகுகாலம் முன்பிருந்தே எண்ணிக்கையில் குறைவாக, யார் கண்ணிலும் படாமல் இருந்தவை. நிலம் மோதித் தீவுகளும் ஆழமில்லாத கரைகளும் உண்டானதும் அவை பெருகிப் பிரிந்து ஆயிரம் வகையாயின. இடம் மாறியது செழிப்புதான், செழித்திருந்தவை அல்ல. தொலைவிலிருந்து கணக்கைப் பார்க்கிறவர்களுக்கு அது நகர்ந்தது போலத் தெரிகிறது என்றான். நிறுத்திவிட்டு, இங்கே இருந்ததற்கு அது ஓர் ஆறுதலும் இல்லை என்றான். அவன் கச்சைப் பற்றித்தான் பேசினான். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

மறு எண்ணிக்கை முடிவதற்குள் டயாலிசிஸ் வாரம் மூன்று நாள் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் குழாயோடு படுத்திருக்கும்போது கைபேசியில் குரலைப் பதிவு செய்து ஆய்வேட்டைச் சொல்லிக்கொண்டே போவான். மேடம் அதை எழுத்தாக்குவார். மாற்று அறுவைசிகிச்சைக்கு என் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்த்தார்கள். பொருந்தும் என்றார்கள், ஆனால் அவன் இதயம் அறுவையைத் தாங்காது என்றும் சொன்னார்கள். கடைசி அத்தியாயத்தைச் சொல்லி முடித்த மறுவாரம், ஒரு வியாழக்கிழமை மதியம், டயாலிசிஸ் நடுவிலேயே இதயம் நின்றது. அம்மா பக்கத்தில் இருந்தார். நான் கம்பெனியில் துணி ஓட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவனோடு இருப்பது என் முறை. அவனுக்கு முப்பத்து மூன்று வயது. ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்து, வாய்மொழித் தேர்வு நடந்தால்தான் பட்டம். அது நடக்கவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து மேடம் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்றுவிட்டிருந்தார். மாதிரிகளைப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் வைக்க எடுத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார். அட்டைகளையும் குப்பிகளையும் அடுக்கு வரிசையில் அட்டைப்பெட்டியில் வைத்தோம். அம்மா அவருக்குச் சோறு போட்டார்; கல்லைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து மேடம் என்னிடம் ஒன்று சொன்னார். அந்தப் பத்துப் பத்து ஓடுகளைப் பார்த்தபோதே மிச்சத்தையும் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும், நாற்பது வருஷம் இதே தொழில் செய்தவள் நான் என்றார். "நான் கேக்கலம்மா. அது நெசமா இருக்கணும்னு எனக்கும் ஆசையா இருந்துச்சு." அவர் என்னைப் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்.

தம்பி சொன்னதையெல்லாம் சுருக்கி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பப்போவதாகவும், ஏற்றுக்கொண்டால் அவன் பெயரில் வரும் என்றும் சொன்னார். கச்சில் அந்தக் கடல் எல்லோரும் நினைத்ததைவிட முன்பே வெறுமையாகிவிட்டது என்பதுதான் அதன் முடிவு. கடைசிப் பக்கத்தை எனக்குத் தமிழில் சொன்னார். முதல் எண்ணிக்கை ஏன் தவறானது என்று விளக்கிவிட்டு அவன் இப்படி முடித்திருந்தான்: மாதிரிகளைத் தேர்ந்தெடுத்ததில் நேர்ந்த பிழை முழுக்க என்னுடையது, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் என் அக்கா.

நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். மேடம் சொன்னார். எத்தனை நாள் அந்தப் படுக்கையில் இதை யோசித்துவைத்திருந்தானோ. என் கண்ணைப் பற்றி நான் காத்திருந்த சொல் அதில் இருந்தது. ஆனால் அதற்காக அவன் ஒரு பொய்யைப் பக்கத்தில் வைக்க வேண்டியிருந்தது. அவன் வாழ்நாளில் எழுதிய ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும்.

"அது ஒண்ணு மட்டும் தப்புங்க மேடம். மாத்தீருங்க" என்றேன்.

அவர் தயங்கினார். அவன் விருப்பம் அது, இல்லாதவர் சொன்னதை எப்படித் திருத்துவது என்றார்.

"அந்தத் தப்பைச் செஞ்சவ உசுரோட இருக்கறனுங்களே" என்றேன்.

அம்மா கதவோரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். பிழை என்னுடையது என்று இருந்த இடத்தை அடித்துவிட்டு, அதற்கு மேலே எழுதப் பேனாவை வைத்து, ஆங்கிலத்தில் உன் பெயரை எப்படி எழுதுவாய் என்று கேட்டார். கம்பெனி அடையாள அட்டையில் இருக்கிறபடி, நான் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன்.